ஏகாம்பரத்தின் கப்பல் காபி

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, காதர் பாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு காபி டப்பா. கப்பல்களுக்கு உணவுச் சாமான் ஏற்றிவிடும் வேலையில் இருப்பவர் அவர். டப்பாவும் கையுமாக அவரைப் பார்ப்பது எங்கள் தெருவுக்குப் புதிதல்ல. ஆனால் தெரு முனையிலிருந்தே "இன்னா வாத்தியாரே, எய்ந்துட்டியா?" என்று குரல் கொடுப்பவர் அன்று நேராக உள்ளே வந்து, டப்பாவை என் மேசைமேல் வைத்தார்.

"நம்ம ஏகாம்பரம் பூட்டாரு," என்றார். "விடியக்காலையில மாரு வலிக்குதுன்னு சொன்னாராம். அவ்ளோதான். நான் இத்தக் குடுக்கலாம்னு போறேன், வாசல்ல பெஞ்சு போட்டுகினு கீறானுங்க. டப்பாவ இன்னா பண்றதுன்னு தெரியல. இங்க இஸ்துகினு வந்துட்டேன்."

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் ஏகாம்பரத்தை அறியாதவர்கள் குறைவு. நம் படிப்பகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது அவர் கையால் காபி குடித்திருப்பீர்கள். அவரைப் பற்றி எழுதும்படி நீங்கள் கேட்டபோது, தொழிலாளர்களுக்காக அவர் அலைந்ததைப் பற்றியும் உரத்த குரலில் அவர் வாதாடியதைப் பற்றியும் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது அவருடைய காபியைப் பற்றி. அதில் ஒரு கேள்வி இருந்தது. எட்டு ஆண்டுகள் அவர் எதிரே உட்கார்ந்து குடித்தும் எனக்கு விடை தெரியாமலிருந்த கேள்வி. அவர் போன பிறகுதான் தெரிந்தது.

அவர் ஹார்பரில் விஞ்சு ஓட்டினார். கப்பலின் வயிற்றிலிருந்து சரக்கை மேலே தூக்கும் இயந்திரம் அது. கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டிய வேலை. ஆனால் ஏகாம்பரத்துக்குப் பெருமையெல்லாம் தம் மூக்கின்மேல்தான். மாலையில் கடலோரமாக நடக்கும்போது காற்றை ஒரு முறை உறிஞ்சிவிட்டு, "மூணாவதா நிக்குதே, அதுல கொப்பரை கீது. பக்கத்துல தோல் ஏத்தினு கீறானுங்க," என்பார். மறுநாள் காதர் பாயிடம் விசாரித்தால் சரியாக இருக்கும். ஒரே ஒரு முறை தவறியது. "காத்து திரும்பிகிச்சு. மூக்கு இன்னா பண்ணும்?" என்று சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்ட மூக்குக்கு ஏற்ற காபி கிடைப்பது எளிதல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் காபிக் கொட்டை வறுக்கும் கடைக்குப் போய் நிற்பார். எந்த நொடியில் இறக்க வேண்டும் என்று கடைக்காரருக்கே கட்டளையிடுவார். அரைத்த தூளைச் சூடு ஆறுமுன் வீட்டுக்குக் கொண்டுவருவார். பித்தளை ஃபில்டரின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத் தலையசைத்த பிறகே பால் அடுப்பில் ஏறும். "காபிய மூக்குதான் குடிக்குது வாத்தியாரே. வாயி சும்மா வழி உடுது," என்பது அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு நாள் சரக்கு இறக்கும்போது பீப்பாய் ஒன்று எதிலோ இடித்து விரிசல் கண்டது. உள்ளே ஏதோ இரசாயனம். மற்றவர்கள் விலகி ஓடினார்கள். ஏகாம்பரம் விஞ்சை நிறுத்திவிட்டுப் பீப்பாயின் அருகே போய்க் குனிந்தார். கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என்னிடம் காரணம் சொன்னார்: "இதுவரிக்கும் மோந்து பாக்காத வாசனை வாத்தியாரே. இன்னான்னு பாக்கலாம்னு குனிஞ்சேன்."

கண் பிழைத்தது. இருமல் நின்றது. வேலைக்கும் போகத் தொடங்கினார். ஆனால் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே வந்தார். சட்டை கொக்கியில் மாட்டிய துணிபோலத் தொங்கிற்று. அவருடைய மனைவி தனம், மீன் குழம்புக்குப் பெயர்பெற்றவர். ஒரு நாள் குழாயடியில் என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் என் பக்கம் திரும்பினார்.

"என் கையி ருசி பூட்ச்சாண்ணா? ரெண்டு வாயி துன்னுட்டு எய்ந்துக்குது. வஞ்சிரம் வாங்கி வெச்சாலும் அப்படியே கீது. கேட்டா பசிக்கலேங்குது."

காரணம் எங்களுக்குத் தெரியவந்தது கருகிய பாலினால்தான். தனம் தன் தங்கையைப் பார்க்க நெட்டுக்குப்பம் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏகாம்பரம் தாமே காபி போட்டு எனக்கும் காதர் பாய்க்கும் கொடுத்தார். பால் நன்றாக அடிப்பிடித்திருந்தது. டம்ளர் முகத்துக்கு வருமுன்பே நெடி அடித்தது. விருந்தோம்புகிறவரை எப்படிச் சொல்லி நோகடிப்பது என்று நான் விழித்தேன். அவரோ எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். காபி நன்றாக வந்திருக்கிறதா இல்லையா என்பதை எங்கள் முகத்தில் படிக்க முயல்வதுபோல இருந்தது.

காதர் பாய்க்கு என்னைப் போலத் தயக்கம் கிடையாது. "இன்னா மாமு, பாலு கருகிப் பூட்டுது! தெருவே நாறுது! மூக்க எங்கனாச்சும் அடகு வெச்சிட்டியா?"

ஏகாம்பரம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிலேந்து வந்தப்பறம் ஒண்ணும் தெரியல பாய். மல்லிப்பூவும் ஒண்ணுதான், கருவாடும் ஒண்ணுதான். சோறு மண்ணு மாரி கீது. காபி வெறும் சுடுதண்ணி."

"தனத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சொன்னா அயும். இப்ப எம்மேல கோவத்துல கீது. அதுக்குக் கோவமே தேவல."

"அய்ய, அது கோவத்துல இல்ல மாமு," என்றார் காதர் பாய். "தன் கையில ருசி பூட்ச்சுன்னு அயுதுகினு கீது."

அன்று மாலை தனம் திரும்பி வந்ததும் ஏகாம்பரம் சொல்லிவிட்டார். விடைபெற்று வாசலுக்கு வந்திருந்த எனக்கும் காதர் பாய்க்கும் உள்ளேயிருந்து தனத்தின் குரல் கேட்டது: "இத்த மொதல்லியே சொல்லக் கூடாதாய்யா? ரெண்டு மாசமா மொளகாத்தூள மாத்தி மாத்தி இடிச்சிகினு கீறேன்!" அப்புறம் அழுகைச் சத்தமும் கேட்டது.

டாக்டர் சொன்னது சுருக்கமாக இருந்தது. வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ஆனால் இப்படியே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு போனால் விஞ்சில் நிற்க உடம்பு தாங்காது. சாப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சாப்பிடும் ஆசைதான் இல்லை. ஆசையை எந்தக் கடையில் வாங்குவது?

இந்த நிலையில்தான் காதர் பாய் முதல் டப்பாவைக் கொண்டுவந்தார். கப்பல் சமையல்காரர் ஒருவர் கொடுத்தது. வெந்நீரில் போட்டால் கரைந்து காபியாகிவிடும் தூள். இன்று பெரிய கடைகளில் கிடைக்கிறது. அன்று எங்கள் தெருவில் அது ஒரு வேடிக்கை. பிள்ளைகள் அதற்குக் 'கப்பல் காபி' என்று பெயர் வைத்தார்கள்.

"தண்ணியில கலக்குனா காபி. அவ்ளோதான்," என்றார் காதர் பாய்.

தனம் நம்பவில்லை. காபி என்றால் ஃபில்டர். மேல் பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் போட்டு, அமுக்கி, வெந்நீர் ஊற்றி, மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்தவர் திகைத்துப்போனார்.

"சக்கையக் காணோம்!"

"இன்னாது?"

"தூளு போட்டேனே, சக்கை எங்க? நான் போடலியா?" மறுபடி இரண்டு ஸ்பூன் போட்டு மறுபடி வெந்நீர் ஊற்றினார். அதுவும் மாயமாயிற்று. "இன்னாய்யா இது, பேய்க் காபியாக் கீது!"

காதர் பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். கீழ்ப் பாத்திரத்தில் இருந்தது தார். பால் கலந்தும் நிறம் மாறவில்லை. நானும் காதர் பாயும் ஒரு மடக்கோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டோம். ஏகாம்பரம் மட்டும் வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"கசக்குது," என்றார்.

"நாலு ஸ்பூனு உட்டா கசக்காம இன்னா பண்ணும்?"

"அதில்ல பாய். கசப்பு எங்க குந்துதுன்னு தெரியுது. தோ, நாக்குல இங்க, பின்னால." ஏதோ தொலைந்த சாமான் கையில் தட்டுப்பட்டதுபோல அவர் முகம் மாறிற்று. "நாக்கு இன்னும் சாகல வாத்தியாரே."

கசப்பு ஃபில்டர் காபியிலும் உண்டே, இந்த டப்பாவில் என்ன விசேஷம் என்று நான் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் பிற்காலத்தில் வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறேன். "ஃபில்டர் காபில இன்னா இல்லேன்னு எனக்குத் தெரியும் வாத்தியாரே. ஒவ்வொரு மடக்குலயும் அதுதான் ஞாபகம் வருது. இத்த முன்னப் பின்ன குடிச்சதே இல்ல. இதுல இன்னா கீதுன்னு பாக்கலாம்."

பார்க்கத் தொடங்கினார். காலை ஷிப்டு இல்லாத நாட்களில் நாங்கள் மூவரும் அவர் வீட்டு முன்னறையில் கூடுவோம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும் என்பது நான் சொன்ன ஒரே யோசனை. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கணக்கில் தப்பு கண்டுபிடிப்பதும் இப்படித்தான். மற்றதெல்லாம் அவருடைய மூளை. நாங்கள் மூக்கு, அவர் நாக்கு.

தனம் டீ போடுவதுபோலத் தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டார், தொண்டையைப் பிறாண்டிற்று. கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றினாலும் காரல் குறையவில்லை. இறக்கிவைத்து, தெருக்கதவு வரை நடந்து திரும்புகிற நேரம் விட்டு ஊற்றியபோது மென்மை வந்தது. கடற்காற்றில் டப்பாத் தூள் ஒரே வாரத்தில் செங்கல்லாக இறுகிற்று. பிறகு தக்கை போட்ட சீசாவில் அடைத்தார்; ஈர ஸ்பூன் அதன் பக்கம் போகக் கூடாது என்று வீட்டுக்கே சட்டம். வாசனைக்கு ஏலக்காய் போடலாம் என்றார் காதர் பாய். "அது ஒங்க மூக்குக்கு. எனக்கு இன்னா லாபம்?" என்று தள்ளிவிட்டார். சுக்குப் போட்டதில் உறைப்பு தெரிந்தது. "கஷாயம்" என்று அதையும் ஒதுக்கினார்.

பெரிய திருப்பம் குழாயில் தண்ணீர் வராத ஒரு நாளில் நேர்ந்தது. பின்கட்டுக் கிணற்றில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர்தான் இருந்தது. இலேசாக உப்புக் கரிக்கும். பால் திரிந்துவிடும் என்று தனம் பயந்தார். திரியவில்லை. ஏகாம்பரம் ஒரு மடக்குக் குடித்தார். இன்னொன்று குடித்தார். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா போட்ட தனம்?"

"ஒண்ணும் போடல. கெணத்துத் தண்ணி. வோணாம்னா கொட்டிடு."

"கொட்றதா! கசப்பு ஓரமா ஒதுங்கி நிக்குது. சக்கரை மின்னாடி வந்துட்ச்சு!"

வகுப்பில் ஓயாமல் கத்துகிற ஒரு பையனை வெளியே துரத்த வேண்டியதில்லை. அருகே கூப்பிட்டு உட்காரவைத்தால் போதும், மற்றவர்களின் குரல் கேட்கத் தொடங்கும். உப்பு கசப்புக்கு அதைத்தான் செய்கிறது என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் நல்ல தண்ணீரில் ஒரு கிள்ளு உப்புப் போட்டுப் பார்த்தோம். அதே சுவை. அதற்கு மறுநாள் இரண்டு கிள்ளுப் போட்டதில் காதர் பாய், "இன்னா மாமு, ஹார்பர் தண்ணிய மொண்டுகினு வந்தியா?" என்று கேட்டார். விரல் நுனியில் ஒட்டுகிற அளவு போதும் என்று முடிவாயிற்று.

கடைசியாக வந்தது அடிப்பது. தூளையும் சர்க்கரையையும் டம்ளரில் போட்டு, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஸ்பூனால் அடித்துக்கொண்டே இருப்பார். விஞ்சுக் கைப்பிடி இழுத்த கை. கருப்பாக இருந்தது வெளுத்து, பொங்கி, சந்தன நிறமாகும்வரை நிறுத்தமாட்டார். "ரேஷன் சக்கரைய இப்படி அடிச்சே தீத்துடு," என்று தனம் முனகுவார். அதன்மேல் சற்று ஆறிய வெந்நீர் கொஞ்சமும், சூடான கெட்டிப் பாலும் ஊற்றினால் நுரை உதட்டில் வந்து உட்காரும். டம்ளரை வெந்நீரில் அலம்பிச் சூடாக்கியிருப்பார். ஒரு மடக்கு விழுங்கிவிட்டு, "ஆங்! இதாண்டி காபி," என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொல்வார்.

அப்படிச் சொன்ன முதல் நாள், டம்ளரை வைத்த கையோடு, "நாஸ்தா இன்னா?" என்று கேட்டார். பல மாதங்களாக அந்த வீட்டில் கேட்காத கேள்வி. தனம் தட்டு எடுத்துவந்தார். அதன் பிறகு சாப்பாட்டிலும் காபியின் பாடத்தையே பின்பற்றினார்கள். மொறுமொறுப்பாக வடகம், புளிப்பாக மாங்காய், சுடச்சுட ரசம் என்று நாக்குக்கும் பல்லுக்கும் தெரிகிறவற்றைத் தனம் தேடித் தேடிச் செய்தார். மூக்கு கடைசிவரை திரும்பவில்லை. உடம்பு திரும்பிற்று.

ஆனாலும் தனத்துக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் என்னைத் தனியே பார்த்துக் கேட்டார்: "மெய்யாலுமே ருசிக்குதாண்ணா அதுக்கு? இல்ல, நான் அயக் கூடாதுன்னு நடிக்குதா? முன்னயும் ரெண்டு மாசம் மறைச்ச ஆளுதான அது?"

அதை நான் ஏகாம்பரத்திடமே கேட்டேன். அவர் சிரித்தார். "மூக்கப் பிடிச்சிகினு ஒரு தபா குடிச்சிப் பாரு வாத்தியாரே. அப்பால கேளு."

நான் செய்யவில்லை. பார்வையற்றவர் எதிரே கண்ணை மூடிக்கொண்டு நடந்து காட்டுவதுபோல அது பரிகாசமாகிவிடும் என்று தோன்றியது. வீட்டில் தனியாகச் செய்து பார்த்திருக்கலாம். விடை வேறாக இருந்துவிட்டால் என்ற பயம். எட்டு ஆண்டுகள் ஒவ்வொரு முறையும் அவர் "ஆங்" என்று சொல்வார். நான் தனத்தின் முகத்தைப் பார்ப்பேன். தனம் என் முகத்தைப் பார்ப்பார்.

இன்னொன்றும் இப்போது சொல்லிவிடலாம். நம் படிப்பகத்தின் ஆண்டு விழாவில், "இப்படி ஒரு டிகாஷன் ராயபுரத்தில் இறங்கியதில்லை" என்று உங்களில் சிலர் புகழ்ந்தீர்களே, அன்று அங்கே ஃபில்டரே கிடையாது. பந்தலுக்குப் பின்னால் ஏகாம்பரமும் காதர் பாயும் இரண்டு குவளைகளில் அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஏகாம்பரம் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சத்தியத்தை மீறுவதை அவர் மன்னிப்பார்.

அந்த வியாழக்கிழமை காசிமேட்டு மயானத்துக்குப் போய் வந்தோம். காரியங்கள் முடிந்த மறுநாள் தனத்தைப் பார்க்கப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், நான் உட்காருமுன்பே அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இப்பவாச்சும் சொல்லுண்ணா. எட்டு வருசம் தெனம் காலையில சொல்லிச்சே, மெய்தானா?"

நாளை வந்து சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை, காதர் பாய் என் மேசைமேல் விட்டுப்போன டப்பாவைத் திறந்தேன். முதலில் எங்கள் வீட்டு ஃபில்டர் காபியை எடுத்து, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தேன். ஏகாம்பரம் சொன்னது சரிதான்: சுடுதண்ணீர், அதில் கொஞ்சம் கசப்பு. தினமும் நான் பெருமையோடு குடிக்கும் காபியில் என் வாய்க்கென்று இருந்தது அவ்வளவே. பிறகு அவர் முறைப்படி தூளை அடிக்கத் தொடங்கினேன். என் கைக்கு அவர் வலு இல்லை. நடுவில் காதர் பாய் வந்து பார்த்துவிட்டு, ஸ்பூனைப் பிடுங்கி அவர் அடித்தார். விரல் நுனி உப்பு. சற்று ஆறிய வெந்நீர். பால்.

மூக்கைப் பிடித்தேன்.

"இன்னா வாத்தியாரே, என் டப்பா அவ்ளோ நாத்தமா?" என்றார் காதர் பாய்.

நான் கையை எடுக்கவில்லை. முதலில் நுரை உதட்டில் பட்டது. அதன் பின்னால் இனிப்பு வந்தது. அதற்குப் பிறகு பாலின் கெட்டி, நாக்கு முழுவதும். கசப்பு எல்லாவற்றுக்கும் பின்னால் வந்து, ஓரமாக நின்று, விழுங்கிய பிறகும் சிறிது நேரம் இருந்துவிட்டுப் போயிற்று. ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் தெளிவாக. மூக்கு வேண்டியிருக்கவில்லை. மூக்கில்லாதவருக்காக மூக்கில்லாதவரே கட்டிய காபி அது. டம்ளரைக் காதர் பாயிடம் கொடுத்தேன். அவரும் மூக்கைப் பிடித்துக் குடித்தார்.

டப்பாவை எடுத்துக்கொண்டு தனத்தின் வீட்டுக்குப் போனோம். அங்கேயே அடித்துக் கலந்து அவர் கையில் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் ஒரு மடக்கு விழுங்கினார். கண்ணில் நீர் வழிந்தது. மூக்கைப் பிடித்த விரல்களை மட்டும் எடுக்கவில்லை.

"சக்கரை மின்னாடி வருதுண்ணா," என்றார், அடைத்த குரலில். "அது மெய்தான் சொல்லிகீது."

ஏகாம்பரத்திடமிருந்து எனக்குக் கிடைத்தது பெரிய பொருள் ஒன்றும் இல்லை. ஒரு கிள்ளு உப்பு, ஒரு ஸ்பூன், ஒரு பழக்கம். தினமும் காலையில் டம்ளரை எடுத்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்குக் குடிக்கிறேன். என் மனைவி சிரிக்கிறாள். அந்த முதல் மடக்கு அவருடையது. அதை விழுங்கிய பிறகுதான் கையை எடுக்கிறேன்.